வாய்மை விரதத்தின் ஐந்து மாசுகளும் இன்றைய மின்னணுத் தொழில்களும்

அருகப்பெருமான் அருளிய அறத்தை இல்லறத்தார்க்கென வகுத்துத் தந்த ஆசாரியர்கள், அணுவிரதங்கள் ஐந்தைக் கூறிய அளவில் நின்றாரில்லை. ஒவ்வொரு விரதத்திற்கும் ஐந்தைந்து அதிசாரங்களையும் உடன் வைத்துச் சொன்னார்கள். அதிசாரம் என்பது விரதத்தை முற்றாக முறித்தல் அன்று. விரதம் விரதமாகவே இருக்க, அதன்மேல் மெல்லப் படியும் மாசு அது. ‘பொய் கூறேன்’ என்று உறுதி பூண்ட ஒருவன், நாவினால் பொய்யாமல் கையினாலும் கண்ணினாலும் எழுத்தினாலும் பொய்த்து ஒழுகுவதற்குரிய சந்துகள் எத்தனை உண்டோ அத்தனையையும் அவர்கள் அறிந்திருந்தனர். அச்சந்துகளை அடைப்பதற்கென்றே இந்தப் பட்டியல்கள் எழுந்தன. நம் சுவாத்தியாயக் கூட்டங்களில் அணுவிரதங்களை ஒப்பிக்கும் சிறுவர் பலர் உளர். அதிசாரங்களைக் கேட்டால் பெரியவர்களே தயங்குகின்றனர். கணினியும் கைபேசியும் எல்லாத் தொழில்களிலும் புகுந்துவிட்ட இக்காலத்தில், முதலில் படிக்க வேண்டிய பகுதி இதுவே என்பது என் துணிபு.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உமாசுவாமி ஆசாரியர் வாய்மை விரதத்திற்கு மித்யோபதேசம், ரஹோப்யாக்கியானம், கூடலேககிரியை, நியாசாபஹாரம், சாகாரமந்திரபேதம் என்னும் ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறார். தமிழில் இவற்றைப் பொய்யறிவுறுத்தல், பிறர் மறைவை வெளியிடல், போலி எழுத்துப் புனைதல், அடைக்கலப் பொருளைக் கவர்தல், குறிப்பால் அறிந்ததைத் தூற்றல் என வழங்கலாம். சமந்தபத்திர சுவாமிகள் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் முதலாவதன் இடத்திலும் இறுதியானதன் இடத்திலும் பரிவாதம், பைசுனியம் என்னும் இரண்டை வைக்கிறார். பழி தூற்றலும் கோள் சொல்லலும் என்பது அவற்றின் பொருள். ஏனைய மூன்றும் இரு நூல்களிலும் ஒன்றே.

இந்த ஐந்தையும் ஒருமுறை ஊன்றி நோக்குங்கள். எழுத்து, ஆவணம், அடைக்கலப் பொருள், கமுக்கம் என்பவை யாருடைய வாழ்வில் வருவன? முற்றும் துறந்த முனிவரிடம் எவர் பொன்னை ஒப்படைத்துச் செல்வர்? அவர் எந்தப் பத்திரத்தில் கையெழுத்திடுவார்? ஆகவே இது கடைத்தெருவில் நின்று சொன்ன அறம். தொழில் செய்வோனை மனத்தில் இருத்தியே ஆசாரியர்கள் இதனை வகுத்தனர் என்பது வெளிப்படை.

மதுரையைச் சூழ்ந்த குன்றுகளுக்கு இது புதிய செய்தியன்று. அழகர்மலைக் குகைத்தளத்தில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன் பொறிக்கப்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துகளில், கொடை வழங்கியோரின் பெயரோடு தொழிலும் நிற்கிறது. மதுரைப் பொன் வணிகன், உப்பு வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன், சர்க்கரையாகிய பணிதம் விற்ற வணிகன் எனப் பலர் அங்கே வருகின்றனர். ஊர்ப் பெயர் ‘மதிரை’ என்றே வெட்டப்பட்டுள்ளது. மாங்குளத்து மீனாட்சிபுரம் குன்றிலோ, பாண்டியன் நெடுஞ்செழியனுடைய ஆட்கள் செய்த கொடையோடு வெள்ளறை நிகமத்தார் செய்த கொடையும் உண்டு. நிகமம் என்பது வணிகர் கூட்டம். அரசனும் உப்பு விற்பவனும் ஒரே வகைக் கற்படுக்கையைத் துறவியர்க்கு வெட்டிக் கொடுத்திருக்கின்றனர். தன் தொழிலை மறைக்காமல் அறக்கொடையின் பக்கத்திலேயே எழுதிவைக்க ஒரு வணிகன் துணிந்தான் எனின், அத்தொழில் அக்கல்லின் அருகே நிற்கத் தகுந்தது என்று அவன் எண்ணியிருக்க வேண்டும். இஃது என் ஊகமே. ஆயினும் அம்மலைகளில் ஏறிய ஒவ்வொரு முறையும் இவ்வெண்ணம் எழாமற் போனதில்லை.

அடைக்கலப் பொருள்

ஐந்தனுள் இன்றைய தொழிலாளர்க்கு மிக நெருங்கியது நியாசாபஹாரம். சூத்திரத்திற்குச் சர்வார்த்தசித்தி என்னும் உரை வரைந்த பூஜ்யபாதர் இதற்குத் தரும் விளக்கம் நுட்பமானது. ஒருவன் பொன் முதலிய பொருளை மற்றொருவனிடம் வைத்துச் செல்கிறான். நாள் பல கழிகின்றன. வைத்தவன் எண்ணிக்கையை மறந்து, குறைவாகக் கேட்கிறான். வாங்கி வைத்தவன், ‘ஆம், அவ்வளவே’ என்று இசைந்து கொடுத்தனுப்புகிறான். அவன் களவு செய்யவில்லை; பூட்டை உடைக்கவில்லை; கேட்டதைக் கொடுத்தும் விட்டான். ஆயினும் ‘ஆம்’ என்ற அந்த ஒரு சொல்லில் வாய்மை மாசுற்றது. கள்ளாமை விரதத்தில் வைக்காமல் வாய்மை விரதத்தில் இதனை வைத்த காரணமும் அதுவே. பிறன் மறதியைத் தன் வருவாய் ஆக்கிக்கொள்ளுதல் பொய் என்பது ஆசாரியர் கருத்து.

(இடையில் ஒரு செய்தி. பூஜ்யபாதரின் மாணாக்கராகிய வச்சிரநந்தி தென்மதுரையில் திராவிட சங்கத்தை நிறுவினார் என்று தேவசேனரின் தர்சனசாரம் கூறுகிறது. அதன் கணக்குப்படி அந்நிகழ்வு கி.பி. 470 அளவில் வரும். அந்நூல் அச்சங்கத்தைப் புகழவில்லை, பழிக்கிறது. மதுரைச் சங்கத்தைப் பற்றி நாம் அறிவது பெரும்பாலும் அதனோடு மாறுபட்டவர் நாவின் வழியே என்பதை நினைவில் வையுங்கள். இக்கட்டுரையின் பிற்பகுதியில் இது மீண்டும் வரும்.)

இன்று நியாசம் பொன்னாக மட்டும் வருவதில்லை. நகல் எடுக்கும் கடையில் ஆதார் அட்டையின் படம் கணினியில் தங்கிவிடுகிறது. பழுது நீக்கக் கொடுத்த கைபேசியில் ஒரு குடும்பத்தின் புகைப்படங்கள் அனைத்தும் இருக்கின்றன. பட்டயக் கணக்கரின் அலுவலகத்தில் நூறு கடைகளின் உண்மையான வரவு செலவு கிடக்கிறது. இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நோயாளி தன் மனைவியிடமும் சொல்லாத செய்தி எண்களாக நிற்கிறது. இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் உள்ள எல்காட் வளாகங்களில் பணிபுரியும் நம் இளைஞர் சிலர், முகம் அறியாத வெளிநாட்டார் ஆயிரக்கணக்கானவரின் விவரங்களை நாள்தோறும் கையாள்கின்றனர். இவை யாவும் வைத்தவர் மறந்த பொருள்கள். எதை எதை, எப்போது, யாரிடம் கொடுத்தோம் என்று நினைவு வைத்திருப்பவர் இக்காலத்தில் ஒருவரும் இலர். பூஜ்யபாதர் சொன்ன ‘எண்ணிக்கையை மறந்தவன்’ இப்போது நாம் அனைவரும் ஆகிவிட்டோம்.

நம் நாட்டில் 2023ஆம் ஆண்டு இயற்றப்பட்ட எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறர் விவரங்களைப் பெற்று வைத்திருப்போரைக் குறிக்க ஆளும் சொல் கருதத்தக்கது. உரிமையாளர் என்று அது கூறவில்லை. நம்பி ஒப்படைக்கப்பட்டதைக் காப்பவர் என்னும் பொருள்படும் சொல்லையே வைத்திருக்கிறது. விவரம் எந்த நோக்கத்திற்காகப் பெறப்பட்டதோ அந்நோக்கம் முடிந்தபின், வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னாலன்றி, அதனை அழித்துவிட வேண்டும் என்றும் அச்சட்டம் விதிக்கிறது. நியாசம் என்னும் சொல்லுக்கு இதைவிட நெருங்கிய உரை கிடைப்பது அரிது. ஆனால் சட்டம் நிறுவனத்தை நோக்கிப் பேசுகிறது. அதிசாரம் நகல் கடையில் மாலைவரை நிற்கும் பையனையும் நோக்கிப் பேசுகிறது. ‘வேலை முடிந்தது, கோப்பை அழித்துவிட்டேன், பாருங்கள்’ என்று வாடிக்கையாளரிடம் திரையைத் திருப்பிக் காட்டும் கடைக்காரர் எத்தனை பேர்?

நம் நகரிலேயே இதன் நற்பக்கத்தையும் காணலாம். 1976இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை எல்லாச் சமயத்து ஏழையர்க்கும் பார்வை தந்தது. நீரிழிவால் விழித்திரையில் நேரும் கேட்டைக் கணினியே கண்டறியப் பயிற்றும் ஆய்வொன்று 2016இல் வெளிவந்தபோது, அதற்குதவிய இந்திய மருத்துவமனைகளுள் அதுவும் ஒன்று. விழித்திரைப் படத்தில் இந்து, இசுலாமியர், கிறித்தவர் என்ற வேறுபாடு தெரிவதில்லை. ஒருவரின் கண்ணைக் காக்க எடுத்த படம், பெயர் நீக்கப்பட்டு, மற்றொருவரின் கண்ணையும் காக்கப் பயன்படுமாயின் அடைக்கலம் பெருகியதாகும். அதே படம் ஈட்டுறுதி நிறுவனத்தின் கைக்குச் சென்று ஒருவருக்குக் காப்பீடு மறுக்கப் பயன்படுமாயின் அது நியாசாபஹாரம். கருவி ஒன்றே, உடன்பாடும் நோக்கமும் வேறு.

குறிப்பால் அறிதல்

மறைவை வெளியிடல் பற்றி நெடிது கூற வேண்டுவதில்லை. கணவன் மனைவியர் தனிமையில் செய்தவற்றைப் பிறர்க்கு வெளிப்படுத்தல் என்றே உரையாசிரியர் இதற்கு எடுத்துக்காட்டுத் தந்தனர். இன்றைய செய்தித்தாளைப் புரட்டுவோர்க்கு அது போதும்.

சாகாரமந்திரபேதம் சற்று அரிய பெயர். முகக்குறிப்பாலும் உடல் அசைவாலும் பிறர் உள்ளக்கருத்தை உய்த்தறிந்து, அழுக்காற்றினால் அதனை வெளியிடுதல் என்பது பொருள். சொல்லாததை அறிதல் தவறன்று. அறிந்ததைத் தீங்கிற்கு விடுதல் தவறு. இன்றைய வணிகச் செயலிகள் செய்வது பெரும்பாலும் இந்த உய்த்தறிதலே. சாதுர்மாசத்தில் வெங்காயமும் பூண்டும் கிழங்கும் நீக்கி உணவு வரவழைப்பவர் எச்சமயத்தார், ரமலான் மாதத்தில் விடியற்காலை மூன்றரை மணிக்குக் கடை திறந்திருக்கிறதா என்று தேடுபவர் எச்சமயத்தார், ஞாயிறு காலையில் கைபேசி இரண்டு மணி நேரம் அணைந்திருப்பவர் எச்சமயத்தார் என்பதை ஒருவரும் படிவத்தில் எழுதித் தர வேண்டியதில்லை. விளம்பரத்திற்கு ஆகும் என்று ஒரு மென்பொருளாளர் அதனை ஒரு பட்டியலாக்குகிறார். பட்டியல் செய்தவருக்குத் தீய எண்ணம் இல்லாதிருக்கலாம்.

பட்டியல் என்ன செய்யும் என்பதற்குத் தமிழர் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. 1983 சூலையில் கொழும்பில் வன்முறைக் கும்பல்கள் வாக்காளர் பட்டியல்களைக் கையில் வைத்துக்கொண்டே தமிழர் வீடுகளையும் கடைகளையும் தேடிச் சென்றன. அப்பட்டியலைத் தட்டச்சு செய்த எழுத்தர் யாரையும் கொல்ல நினைத்தவர் அல்லர். அது காகிதப் பட்டியல். தெருத்தெருவாகத் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. இன்று அதனைவிட நுண்ணிய பட்டியல் ஒரு நொடியில் பிரதியாகும். ஆகவே ஒரு நிறுவனத்தில் பணிபுரியும் சிராவகர், மக்களைச் சமயவாரியாகப் பிரித்துக் காட்டும் நிரலொன்றை எழுதுமாறு கேட்கப்பட்டால், ‘இது எதற்கு, யாரிடம் செல்லும், எப்போது அழியும்’ என்று மூன்று வினாக்களைக் கேட்டாக வேண்டும். விடை கிடைக்கவில்லையேல் எழுத மறுத்தாக வேண்டும். பதவி உயர்வு தள்ளிப்போகலாம். விரதம் பூண்டபோது அது தள்ளிப்போகாது என்று எவரும் நமக்கு உறுதி தரவில்லையே!

போலி எழுத்தும் பொய்யறிவுறுத்தலும்

கூடலேககிரியைக்குப் பூஜ்யபாதர் தரும் பொருள், பிறர் சொல்லாததையும் செய்யாததையும் அவர் சொன்னார், செய்தார் என்று வஞ்சிக்கும் நோக்கோடு எழுதி வைத்தல் என்பதாகும். ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகட்கு முந்திய இவ்விளக்கத்தைச் செயற்கை நுண்ணறிவால் புனையப்படும் காணொளிக்கு அப்படியே பொருத்தலாம். கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களுள் பிரதிரூபக வியவகாரம் என்று ஒன்று உண்டு. போலியை மெய்யெனக் கலந்து விற்றல் அது. ஒருவர் குரலின் போலியை உருவாக்கிப் பணம் பெறுவோர் இரு விரதங்களிலும் ஒருங்கே வழுவுகின்றனர்.

2023 மார்ச்சில், தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகின்றனர் என்று பொய்க் காணொளிகள் வட இந்தியாவில் பரவின. அவற்றுள் ஒன்று பாட்னாவிலேயே ஆட்களை நடிக்க வைத்து எடுத்தது என்று பீகார்க் காவல்துறை கண்டது. அதனைப் பரப்பியதாகக் கைதான யூடியூபர் ஒருவர் மதுரைக்குக் கொண்டுவரப்பட்டு இங்குள்ள மத்தியச் சிறையில் வைக்கப்பட்டார். அந்த நாள்களில் உணவகங்களிலும் கட்டுமானப் பணிகளிலும் இருந்த பீகார் இளைஞர் பலர் அஞ்சி ஊருக்கு இரயிலேறினர். ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, பின்னணிக் குரல் ஆகிய மூன்றும் மதிப்புடைய தொழில்கள். கைத்திறன் தெரிந்தவர் இன்றி அப்பொய் உருவாகியிருக்க இயலாது.

உருவாக்கியவர் மட்டுமே குற்றவாளி என்று கூறி நாம் விலகிக்கொள்ள இடமில்லை. நம் ஆகமங்கள் எச்செயலையும் தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படுதல் என மூன்றாகக் கூறுகின்றன. சமந்தபத்திரர் வாய்மை அணுவிரதத்தை வரையறுக்கும்போது, பெரும்பொய்யைத் தான் கூறாமையோடு பிறரைக் கூறச் செய்யாமையையும் சேர்க்கிறார். அத்துடன், பிறர்க்குக் கேடு விளைக்கும் மெய்யையும் பேசாமையைச் சேர்க்கிறார். வாட்சாப்பில் வந்த ஒன்றை ஐந்து குழுக்களுக்குத் தள்ளிவிடுதல் செய்வித்தல். விருப்பக் குறி இடுதல் உடன்படுதல். ‘எனக்கு வந்தது, அனுப்பினேன்’ என்னும் விடை ஆகமத்தில் செல்லாது.

2018 மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில், கோயிலுக்கு வந்த குடும்பத்தைச் சேர்ந்த முதிய பெண்மணி ஒருவர், வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் என்பதற்காகப் பிள்ளை பிடிப்பவர் என ஐயுறப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டார். பிள்ளை பிடிப்போர் உலவுகின்றனர் என்ற வாட்சாப் வதந்தி அதற்குமுன் வாரக்கணக்கில் அப்பகுதியெங்கும் பரவியிருந்தது. போளூர் நம் திருமலைக்குப் பக்கத்து ஊர். தமிழ்ச் சமணர் தலைமுறை தலைமுறையாக வாழும் நிலப்பகுதி அது. அவ்வதந்தியை நம் வீட்டுக் கைபேசி ஒன்றும் மேலனுப்பவில்லை என்று எவர் உறுதி கூற வல்லார்? அதே ஆண்டு சூலையில் வாட்சாப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேர்க்குமேல் ஒருங்கே அனுப்ப இயலாதவாறு எல்லை வகுத்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒருவர்க்கு மட்டுமே அனுப்பலாம் என்று மேலும் இறுக்கியது. மனிதன் தனக்குத் தானே இட்டுக்கொள்ளாத வேலியை இயந்திரம் இட வேண்டியதாயிற்று.

குன்றுகளின் சான்று

இனி, நம் நெஞ்சைத் தொடும் செய்திக்கு வருவோம். திருப்பரங்குன்றம் ஒரே பாறையில் முருகன் குடைவரையையும், உச்சியில் சிக்கந்தர் தர்காவையும், சமணத் துறவியர் கற்படுக்கைகளையும், தீர்த்தங்கரர் திருவுருவங்களையும் தாங்கி நிற்கிறது. ஈழத்துக் குடும்பிகன் ஒருவனைக் குறிக்கும் தமிழ்ப் பிராமி எழுத்தும் அங்குண்டு. அங்கே 2025 சனவரியில், தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சமணக் குகைப் பகுதியில் எவரோ பச்சை வண்ணம் பூசிவிட்டனர். துறை காவல் நிலையத்தில் முறையிட்டது. அதே நாள்களில் மலையில் பலியிடுதல் பற்றியும் உணவு பற்றியும் படங்களும் காணொளிகளும் பரவி, பிப்ரவரி தொடக்கத்தில் தடையுத்தரவு பிறப்பிக்கும் அளவிற்கு ஊர் கொதித்தது. அவ்வாண்டு டிசம்பரில் கார்த்திகைத் தீபம் ஏற்றும் இடம் பற்றிய வழக்கினால் மீண்டும் பதற்றம் எழுந்தது.

வழக்குகள் நீதிமன்றத்திற்குரியவை, அவற்றில் நாம் புகவில்லை. வண்ணம் பூசப்பட்டது நம் குகையில். அது நமக்கு வலிக்க வேண்டிய செய்தி, வலித்தது. ஆயினும் வண்ணத்தின் நிறத்தைக் கண்டவுடன் பூசியவரின் சமயத்தைத் தீர்மானித்து எழுதினோர் எத்தனை பேர்! நிறம் சாட்சியாகாது. நம் நியாய நூல்கள் ஐயம், விபரீத உணர்வு, உறுதியின்மை ஆகிய மூன்றையும் மெய்யறிவினின்று விலக்குகின்றன. தூணைக் கண்டு மனிதனோ என்று மயங்குதல் ஐயம். மனிதனே என்று துணிதல் விபரீதம். எவர் கை என்று அறியாமலே ஒரு சமூகத்தின் பெயரைச் சொல்லிய ஒவ்வொரு பதிவும் விபரீதம், பரிவாதமும் ஆகும். சமணக் குகையின்மேல் இரக்கம் காட்டி அப்பதிவுகளைப் பரப்பியோருள் பலர், அதற்கு முன்னர் அக்குகை இருக்கும் திசையை அறியாதவர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நம் தொன்மை பிறர் சண்டைக்கு விறகாவதில் நமக்குப் பெருமை இல்லை.

எண்ணாயிரம் சமணர் கழுவேறிய கதையிலும் நிலைமை இதுவே. திருஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டினர். அவர் பாடல்களில் சமணரைக் கடிந்து கூறும் இடங்கள் மிகுதி, கழுவேற்றம் கூறப்படவில்லை. அதனை விரிவாகக் கூறும் சேக்கிழாரின் பெரிய புராணம் பன்னிரண்டாம் நூற்றாண்டு நூல். வரலாற்று அறிஞர் க. அ. நீலகண்ட சாத்திரியார் இதனை வரலாறாகக் கொள்ள மறுத்தார். மேலும், அந்நிகழ்ச்சிக்குப்பின் பாண்டி நாட்டில் சமணம் அழிந்திருப்பின், ஒன்பது பத்தாம் நூற்றாண்டுகளில் கீழக்குயில்குடிச் சமணர் மலையிலும் கீழவளவிலும் உத்தமபாளையத்திலும் அத்தனை திருவுருவங்களை வெட்டியவர் யார்? அச்சணந்தி என்னும் முனிவரின் பெயர் வட்டெழுத்தில் குன்று குன்றாக வருகிறதே! குரண்டித் திருக்காட்டாம்பள்ளியின் மாணாக்கர் பெயர்கள் சமணர் மலையில் நிற்கின்றனவே!

இன்று இக்கதை இணையத்தில் இரு முனையிலும் கூர் தீட்டப்பட்டு ஓடுகிறது. ஒரு சாரார் வெற்றிப் பெருமிதத்துடனும், மறு சாரார் சைவ அன்பர்களை இழிக்கும் கருவியாகவும் பரப்புகின்றனர். இரண்டாவதில் நம்மவரும் சிலர் கலந்திருப்பது வருந்தத்தக்கது. மாறுபட்டவர் வாய்வழியே மட்டும் நம் வரலாறு வந்திருக்கிறது என்று குறைபட்டுக்கொண்டே, அவ்வாய்மொழியில் நமக்கு உதவும் பகுதியை மட்டும் ஐயமற்ற சான்றாக எடுத்துக்கொள்வது எவ்வாறு பொருந்தும்? அநேகாந்தம் எல்லாம் மெய் என்று தலையசைக்கும் சோம்பல் அன்று. எந்த நோக்கில், எந்தச் சான்றளவில், எவ்வளவு தூரம் ஒன்று மெய்யாகும் என்று அளந்து கூறும் கடுமை அது. அந்த அளவையின்படி, அங்கே சமயப் பூசல் நிகழ்ந்தது, சமணம் அரசாதரவை இழந்தது, எண்ணாயிரம் என்ற தொகைக்கு அக்காலச் சான்று இல்லை என்று கூறலாம். அதற்குமேல் ஓர் அடியும் செல்லலாகாது.

கணினித் தொழிலில் உள்ள இளைஞர்க்கு இதில் ஒரு நேரடிச் சிக்கல் உண்டு. பட வடிவமைப்போ படத்தொகுப்போ செய்து பிழைக்கும் ஒருவரிடம், ஒரு சமயத்தாரை இழித்துக் காணொளி ஒன்று செய்து தருமாறு கேட்டு நல்ல கூலியும் பேசினால் அவர் என்ன செய்வார்? ‘கருத்து அவருடையது, கைவேலை மட்டும் என்னுடையது’ என்று கூறலாமா? உபாசகதசாங்க சூத்திரத்தில் ஆனந்தன் என்னும் இல்லறத்தானுக்கு விலக்கப்பட்ட பதினைந்து தொழில்களுள் நஞ்சு விற்றலும் காட்டுக்குத் தீயிடலும் உள்ளன. தீயிடுபவன் மரங்களின்மேல் பகை கொண்டவன் அல்லன். நிலம் திருத்தக் கூலி வாங்கியவனே. ஆயினும் அது விலக்கப்பட்டது. சட்டமும் சமயங்களிடையே பகை மூட்டுவதைப் பாரதிய நியாய சன்ஹிதையின் 196ஆம் பிரிவின்படி தண்டிக்கிறது. அரச நெறிக்கு மாறாக நடத்தலோ கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்றாகவே நமக்குச் சொல்லப்பட்டது.

வணிகம் செய்வோர்க்கும் ஒரு சொல். குறைத்தும் கூட்டியும் அளத்தல் என்னும் அதிசாரம் தராசுத் தட்டோடு போய்விடவில்லை. ‘இன்னும் இரண்டே மீதம்’ என்று பொய்யாக அவசரம் காட்டுதல், வாங்குவோர் கேளாத பொருளைக் கூடையில் தானே சேர்த்தல் முதலிய 13 வகை வஞ்சக வடிவமைப்புகளை 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்தது. மாசி வீதியில் எடைக்கல்லைத் தேய்க்காத நம் குடும்பங்கள், இணையக் கடை தொடங்கும்போது வடிவமைப்பாளர் தரும் இவ்வடிவங்களைப் படித்துப் பாராமல் ஏற்றுக்கொள்வதைக் காண்கிறோம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் நம் தொகை ஏறத்தாழ 89,000. மக்கள்தொகையில் ஆயிரத்தில் ஏறத்தாழ ஒருவரே நம்மவர். பிற சமயத்தார் நம்பி வந்தே நம் கல்லா நிறைகிறது.

சமணர் மலையின் செட்டிப்புடவில் வீற்றிருக்கும் தீர்த்தங்கரரைச் சுற்றுவட்ட மக்கள் செட்டியார் என்றே வழங்கி வந்துள்ளனர். அடிவாரத்தில் அவர்கள் வழிபடும் அய்யனாரும் கருப்பசாமியும் தாமரைக் குளத்தின் பக்கம் உள்ளனர். கற்படுக்கைகளைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்று நம்பிய ஊர்களும் பல. பெயர் பிழை, ஆனால் அப்பிழைப் பெயருக்குரிய மதிப்பினாலேயே பல குகைகள் உளி படாமல் தப்பின. அரிட்டாபட்டியில் சமணத் திருவுருவமும் பாண்டியர் காலத்துச் சிவன் குடைவரையும் ஒரே மலைத்தொடரில் உள்ளன. 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அப்பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்திற்கு ஏலம் விடப்பட்டபோது, எல்லாச் சமயத்து ஊர்மக்களும் 2025 சனவரி 7இல் மதுரை நோக்கி நடந்தனர். அம்மாத இறுதிக்குள் ஏலம் நீக்கப்பட்டது. நம் குன்றைக் காக்க நடந்தவருள் நம்மவர் மிகச் சிலரே.

அடுத்த சுவாத்தியாயக் கூட்டத்திற்கு வரும் அன்பர்கள் இப்பகுதியை மூலத்தோடு வைத்துப் படித்து வருவாராக. ஒவ்வொருவரும் தம் தொழிலில் பிறர் மறந்து விட்டுச்சென்ற நியாசம் எது, அது இப்போது எந்தக் கருவியில் இருக்கிறது, அதனைத் திறக்கும் கடவுச்சொல் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எழுதி வருதல் நலம். கைபேசியில் கடந்த ஒரு திங்களில் மேலனுப்பிய செய்திகளையும் எண்ணி வரலாம். அவற்றுள் எத்தனைக்கு மூலம் தெரியும் என்பதைத் தனியே குறித்து வருக.